நான் போட்டுக் கொடுத்த மெயில் ஐடி

12 ஜூன் 2024, புதன்

விடிகாலையிலிருந்து தூறல். உக்கடத்தில் ரெண்டு பஸ் நிற்காமலே போய்விட்டது. சிங்காநல்லூர் வந்து சேரும்போது ஆபீஸ் திறந்து வெகுநேரம். கோவிந்தராஜுலு சார் ஒன்றும் கேட்கவில்லை. அவரே பெருக்கி, தண்ணி பிடித்து வைத்திருந்தார். மறுமணத் தகவல் மையம் நடத்துகிற முதலாளி விளக்குமாறு பிடிப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

குழந்தையம்மாளும் குமாரசாமியும் இன்று மூன்றாவது தடவையாகப் பார்த்துப் பேசினார்கள். அந்தம்மா வெள்ளகோவிலிலிருந்து வருகிறார். வீட்டில் கண் ஆஸ்பத்திரிக்கென்று சொல்லியிருக்கிறார். குமாரசாமி வால்பாறை எஸ்டேட்டில் குமாஸ்தா, முதல் பஸ் பிடித்து இறங்கிவிடுவார். முன்னறையில் ஃபேனுக்குக் கீழே ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் காது அங்கேதான்.

"அங்க மழைக்காலத்துல அட்டை கடிக்குமாமுங்களே?"

"கடிக்குமுங்க. உப்பு வெச்சா உழுந்துருமுங்க."

"அப்ப நான் உப்புப் பானையோடதான் வரோணும்."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பு! ஐம்பத்தேழு வயசு ஆளுக்கு. மனைவி போய் ஆறு வருஷம், அதில் எத்தனை தடவை அப்படிச் சிரித்திருப்பாரோ.

அவர் கொண்டுவந்த டீத்தூளை அந்தம்மா வாங்கவில்லை. "ஊட்ல கேட்டா என்னன்னு சொல்றதுங்க." அதனால் அது எங்கள் ஆபீசுக்கு வந்தது. ஆடி கழியட்டும், ஆவணியில் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், மகனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேச்சு.

எழுந்து போகும்போது அந்தம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

17 ஜூன், திங்கள்

பெருநாள். அம்மாவுக்கு மூட்டுவலி, நானே எல்லாம் சமைத்தேன். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "ஊரு பூராவுக்கும் மாப்பிள்ளை தேடுற, உனக்கு?" என்றாள். குர்மாவைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

20 ஜூன், வியாழன்

எழுதினாலாவது மனசு அடங்குமா பார்ப்போம்.

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன். குழந்தையம்மாள். பக்கத்து வீட்டம்மா ஃபோனாம்.

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. சனமெல்லாம் பந்தியில் இருக்கும்போது பேரன் அழுகிறான் என்று அவன் கையில் தன் ஃபோனைக் கொடுத்திருக்கிறார். மகன் மதன்குமார் அதை வாங்கிப் பார்த்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு மெயில் வந்து விழுந்திருக்கிறது. 'குழந்தையம்மாள் அவர்களே, மறுமணத்துக்குத் தயாரா? உங்கள் ஊருக்கு அருகிலேயே ஆண்கள் காத்திருக்கிறார்கள்.' பேரோடு!

"சத்தமாப் படிச்சான் அம்மணி. பங்காளிக அத்தனை பேரும் இருந்தாங்க. என்ற கொழுந்தனாரு எலையில கையக் கழுவீட்டு எந்த்ரிச்சுப் போயிட்டாரு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அப்பறம் தோண்டித் தோண்டிப் பாத்துப்போட்டாங்க. அவரு எழுதுனது, நான் எழுதுனது… எல்லாம். ஃபோனப் புடுங்கி வெச்சுட்டான்."

கடைசியாகத்தான் அதைச் சொன்னார். "நீதான அம்மணி அந்த ஐடியப் போட்டுக் குடுத்தே? உனக்கும் எனக்கும் அவருக்கும் தவிர ஆருக்குத் தெரியும்?"

போட்டுக் கொடுத்தே. எந்த அர்த்தத்தில் சொன்னார்? ரெண்டிலும்தான் என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் என்றால் வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் இந்த மெயில் ஏற்பாடே. பதிவு பண்ண வருகிற ஒவ்வொருவருக்கும் ஆபீசில் உட்கார்ந்து புதிதாக ஒரு ஐடி நானே போட்டுக் கொடுப்பேன். 'இதை வேற எங்கேயும் குடுத்துடாதீங்க, நாங்களும் யாருக்கும் குடுக்க மாட்டோம்' என்று சொல்வேன். பேங்குக்குக் கிடையாது, கடைக்குக் கிடையாது. எங்களுக்காக மட்டும் பிறந்த முகவரி. அப்படியென்றால் எங்களிடமிருந்துதான் போயிருக்கிறது. வேறு வழியே இல்லை.

21 ஜூன், வெள்ளி

சாரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் பார்த்தால் வேறு சிலரும் ஏற்கெனவே புகார் எழுதியிருக்கிறார்கள். விளம்பரம்தானே என்று நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

"பூஜிதாதாம்மா," என்றார் சார். "வேற யாரு?"

பூஜிதா எங்களோடு ரெண்டு வருஷம் வேலை பார்த்த பெண். ஏப்ரலில்தான் பீளமேட்டில் ஒரு பெரிய திருமணத் தகவல் கம்பெனிக்குப் போனாள். போகும்போது எல்லா முகவரியையும் எடுத்துப் போயிருப்பாள் என்கிறார். ஸ்பீக்கரில் போட்டுத் திட்டினார். இதுவரை அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் அவள், "சார், நான் எதுக்குங்க சார்… சார்…" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு விடவில்லை. அவளுடைய மேனேஜருக்கும் ஃபோன் போட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாமென்று சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் செய்திருக்க வேண்டுமே, அது நானில்லை என்று ஆகிவிட்டால் போதும் என்றிருந்தது. இதுதான் நிஜம்.

24 ஜூன், திங்கள்

குமாரசாமி அழைத்தார். ஒரு வாரமாக அந்தம்மாவிடமிருந்து பதில் இல்லையாம். சொன்னேன். அங்கே மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் எழுதுனதுல ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

"இல்லீங்க. நீங்க ஒண்ணும் பண்ணலீங்க."

"அவங்கள அடிச்சுக்கிடிச்சுப் போடலீங்களே?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதுதான்.

3 ஜூலை, புதன்

பூஜிதா வந்தாள். சார் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். 'எங்க லிஸ்டையும் எடுத்துட்டுப் போவியா' என்று கேட்டார்களாம்.

"நான் ஒரு முகவரிகூட எடுக்கலைக்கா. நீங்களும் நம்பறீங்களா?"

தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். அதுதான் என்னால் முடிந்தது. அவள் குடிக்காமலே போய்விட்டாள்.

4 ஜூலை, வியாழன்

ராத்திரி தூக்கமில்லை. பூஜிதாவின் முகம்.

காலையில் உட்கார்ந்து புகார் எழுதியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அதில் ஒரு பொள்ளாச்சி அம்மா. அவருக்கு நான் ஐடி போட்டதே மே மாசக் கடைசியில்! பூஜிதா போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னொருத்தர் தாராபுரம், அவரும் மே.

அவள் எப்படி எடுத்திருக்க முடியும்?

சாரிடம் காட்டினேன். "பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கும்மா," என்றார். அவள் போன அன்றே நான்தான் பாஸ்வேர்டை மாற்றினேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

8 ஜூலை, திங்கள்

நேற்று முன்தினமும் இன்றும் முழுக்க ஃபோன் வேலை. பதிவு செய்த எல்லோரிடமும் கேட்கிறேன் — அந்த மாதிரி மெயில் வருதுங்களா? சிலர் திட்டினார்கள். ஒரு அம்மா, "பேரைச் சொல்லிக் கூப்புடாதீங்க, ராங் நம்பர்னு சொல்லிட்டு வெச்சர்றேன்," என்று அப்படியே வைத்துவிட்டார்.

வராதவர்களும் இருக்கிறார்கள். கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கிற அமீர் ஹம்சா பாய், "எனக்கு ஒண்ணும் வல்லியேம்மா, பொண்ணும் வல்ல மெயிலும் வல்ல," என்றார். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன். உம்மல் குல்சும் அக்காவுக்கும் வரவில்லை. இன்னும் ரெண்டு முஸ்லிம் வீடுகள், மூன்று கிறிஸ்தவர்கள், யாருக்குமே இல்லை.

மற்றவர்களுக்கு மட்டும் ஏன்? திருடுகிறவன் ஆள் பார்த்தா எடுப்பான்?

சூலூர் வாத்தியாருக்கும் இல்லை. அவர் முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. சாமியே கும்பிடாதவர்.

9 ஜூலை, செவ்வாய்

பஸ்ஸில் வரும்போதுதான் பொறி தட்டியது. சூலூர் வாத்தியார் பதிவு பண்ணும்போதே, 'ஜாதகப் பேச்சே எடுக்கக் கூடாது' என்று அடித்துச் சொன்னவர். எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் கிறிஸ்தவர் வீடுகளிலும் ஜாதகம் கிடையாது.

ஜாதகம் கொடுத்தவர்களுக்குத்தான் மெயில் போகிறது.

பொருத்தம் பார்க்கிற வேலை சாருடையது. உள்ளறையில் உட்கார்ந்து அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். யாரோ ஜோசியரிடம் கேட்கிறார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் என்ன வேலை? இன்று வலிய டீ எடுத்துக்கொண்டு போனேன்.

"பொருத்தமெல்லாம் யாருகிட்டக் கேக்கறீங்க சார்?"

"கேக்கறதென்ன, இதுலயே வந்துரும்மா," என்று திரையைப் பெருமையாகத் திருப்பிக் காட்டினார். இலவசப் பொருத்தம் பார்க்கிற ஒரு வெப்சைட். பேர், நட்சத்திரம், முதல் மணமா மறுமணமா, எல்லாம் கேட்கிறது. கீழே மெயில் ஐடி.

"ஒரு ஐடிக்கு ஒரு தடவைதான் ஃப்ரீ. அதனால அவங்கவங்க ஐடியவே போட்டர்றது. நம்மளுக்கும் செலவில்ல, பாவம் அவங்களுக்கும் செலவில்ல."

பேசிக்கொண்டே, நேற்று வந்த பல்லடத்து அம்மாவின் முகவரியை ஒத்தை விரலால் தட்டினார். நான் போட்டுக் கொடுத்த முகவரி. டீ கிளாசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இருக்காது. இவராக இருக்காது. என் புருஷன் தாரிக் என்னை விலக்கி அனுப்பிவைத்த பிறகு, பதிவு பண்ணத்தான் அம்மா என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். பாதி எழுதும்போதே அழுதுவிட்டேன். "அழுகறத நிறுத்தும்மா, டைப்பிங் தெரியுமா?" என்று கேட்டவர் இவர். இவருடைய அக்கா இருபத்தொரு வயதில் தாலி அறுத்து, சாகும்வரை வீட்டுப் பின்கட்டிலேயே கிடந்தாராம். அந்த அக்காவுக்காகத்தான் இந்த ஆபீஸ். அவரா?

10 ஜூலை, புதன்

சந்தேகத்தை வைத்துக்கொண்டு வாய் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்து பூஜிதா போய்விட்டாள்.

புதிதாக ஒரு ஐடி போட்டேன். உலகத்தில் இல்லாத ஒரு பெண். பேர் மரகதவல்லி. வயசு நாற்பத்து நாலு, ரோகிணி, மறுமணம். அந்த வெப்சைட்டில் மட்டும் கொடுத்தேன். பத்துக்கு ஏழு பொருத்தம் என்று வந்தது, யாரோ இல்லாத ஒரு ஆணோடு. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

18 ஜூலை, வியாழன்

நேற்று ஆடி பிறந்தது. ஆபீசில் ஈ ஆடவில்லை. மரகதவல்லிக்கு ஒன்றும் இல்லை.

22 ஜூலை, திங்கள்

ஒன்றும் இல்லை. வரக் கூடாது என்று துஆ செய்கிறேனா, வர வேண்டும் என்றா?

29 ஜூலை, திங்கள்

வந்துவிட்டது.

'மரகதவல்லி அவர்களே, மறுமணத்துக்குத் தயாரா? உங்கள் ஊருக்கு அருகிலேயே ஆண்கள் காத்திருக்கிறார்கள்.' அதற்குக் கீழே கடன் வேணுமா என்று ஒன்று, மூட்டு வலித் தைலம் ஒன்று. வேறு யாருக்கும் தெரியாத பேர். வேறு எங்கும் கொடுக்காத முகவரி. குழந்தையம்மாளுக்குப் போன அதே வாசகம், புகார் எழுதியவர்கள் காட்டிய அதே பூப்போட்ட படம்.

இப்படித்தான் போயிருக்கிறது. யாரும் திருடவில்லை. ஒவ்வொன்றாக நாங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு துளி சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

30 ஜூலை, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, திரையில் காட்டி.

முதலில், "அவங்க எதுக்கும்மா விக்கப் போறாங்க?" என்றார். பிறகு மரகதவல்லி யார் என்று கேட்டார். அப்படி ஒருத்தி இல்லை சார் என்றேன். மெயிலை மறுபடி மறுபடி படித்தார். உதடு அசைந்தது.

"ஃப்ரீன்னு போட்டிருந்தாங்கம்மா."

"தெரியுங்க சார்."

"அப்ப அந்த வெள்ளகோவில் அம்மா…"

"ஆமாங்க சார்."

"பூஜிதா?"

சார் அழுது இன்றுதான் பார்த்தேன். சத்தமில்லாமல், மேசையைப் பார்த்துக்கொண்டே. "எங்கக்காவ நாலு சுவத்துக்குள்ள வெச்சாங்க. நான் இந்தம்மாவத் தெருவுல நிறுத்திப்போட்டேன்."

சாத்திய கதவைத் திறந்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். கோபமா பரிதாபமா, எனக்கே விளங்கவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

எல்லோருக்கும் எழுதி அனுப்பினோம். என்ன நடந்தது, யார் செய்தது, எப்படிப் போனது. சார் தன் பேரையே போடச் சொன்னார். "நிர்வாகம்னு போடாதம்மா. கோவிந்தராஜுலுன்னு போடு." பழைய ஐடிகளை மூடிவிடச் சொல்லி எழுதினேன். சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் பதிவை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான்.

பூஜிதாவின் பழைய மேனேஜரிடம் சார் ஃபோனில் எல்லாம் சொன்னார். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்று வைத்துவிட்டார்கள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

சாரும் நானும் பூஜிதா வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே சார் கையெடுத்துக் கும்பிட்டார். பூஜிதா, "பரவால்லீங்க சார்," என்றாள். அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் தனியாக மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். சாரின் பின்னால் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

21 ஆகஸ்ட், புதன்

வெள்ளகோவில் போய் வந்தேன். பக்கத்து வீட்டம்மா மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். குழந்தையம்மாள் கோயிலுக்கென்று கிளம்பி வந்தார். வெளியே பூக்கடைக்குப் பின்னால், வேப்பமர நிழலில் நின்று பேசினோம். மெலிந்துவிட்டார். என் முக்காட்டைப் பார்த்து யாராவது என்ன ஏது என்று கேட்பார்களோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் சொன்னேன். பாதி புரிந்ததோ என்னவோ. கடைசியில், "அப்ப நீ இல்லியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"நான் இல்லீங்க. ஆனா எங்க ஆபீஸ்தாங்க."

"உன்னைய என்னென்னமோ நெனச்சுப்போட்டேன். ராத்திரியெல்லாம் உக்காந்து சாபம் உட்டிருக்கறேன்."

குமாரசாமி இன்னும் காத்திருக்கிறார் என்றேன். நீங்கள் மேஜர், யாரும் தடுக்க முடியாது, சட்டப்படி எல்லாம் பண்ணலாம் என்று ஆபீசில் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"பேரன் தலையில கைய வெக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கீட்டான் அம்மணி. மருமவ ரித்திகாதான் வேண்டாம், கொழந்தைய இழுக்காதீங்கன்னு சொல்லிப் பாத்தா. கேக்கலை." வேப்பமரப் பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அதெல்லாம் சும்மான்னு எனக்கும் தெரியுது. ஆனாலும் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

கோயில் மணி அடித்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

போகும்போது, "அவரு கோவிச்சுக்க மாண்டாரு. அப்படி ஆளு இல்ல," என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குத்தானா. பஸ்ஸில் காங்கேயம் தாண்டும்வரை முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

குமாரசாமியிடம் சொன்னேன். "செரீங்க" என்றார். பிறகு, "அவங்களத் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க," என்றார்.

18 நவம்பர், திங்கள்

பூஜிதாவுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மெசேஜ் போட்டேன், நீளமாக, ஆகஸ்டில் சொல்ல வேண்டியதையெல்லாம். ரெண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

10 பிப்ரவரி 2025, திங்கள்

சார் இப்போதெல்லாம் மதியத்துக்கு மேல்தான் வருகிறார். பொருத்தம் வேண்டுமென்பவர்கள் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டோம். ஆள் வரத்து குறைவு. ஆனாலும் தினம் திறக்கிறேன்.

இன்று குமாரசாமிக்குப் பதிவுத் திருமணம். உடுமலைப் பக்கத்து அம்மா, பாலர் பள்ளியில் ஆயா, நல்ல மாதிரி. போன மாசம்தான் குமாரசாமி சம்மதம் சொன்னார். சாட்சிக் கையெழுத்து நானும் போட்டேன். மாலை வேண்டாம் என்றுவிட்டார். எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். ரெண்டு பேரும் வால்பாறை பஸ்ஸில் முன்னும் பின்னுமாக இடம் கிடைத்து ஏறினார்கள்.

ஆபீசுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஃபோன். பக்கத்து வீட்டம்மா நம்பர்.

"நான்தான் அம்மணி. நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேனுங்க. நீங்க?"

"இருக்கறனுங் கண்ணு. பையன் ஃபோனத் திருப்பிக் குடுத்துட்டான். அதுல கூப்பிட மனசு வரலை." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அவரு… எப்படி இருக்காரு?"

என் எதிரே மேசையில் கல்யாணக் காபி வாங்கிய கடையின் மிக்சர் பொட்டலம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்காருங்க."

"ஒடம்பு கிடம்பு?"

"நல்லாருக்காருங்க. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"அந்தக் குளிருல தனியாக் கெடக்கறாரேன்னு நெனப்பேன்," என்றார். "செரி அம்மணி. பையன் வர்ற நேரம். வெச்சர்றேன்."

வைத்துவிட்டார். தனியாக இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.